மலைச்சரிவில் சிறிய ட்ரோன்: நிலச்சரிவு நடந்த இடத்தைப் படமெடுத்து வரைபடமாக்க முழுமையான வழிகாட்டி

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறைத் தாண்டி இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கும் பெட்டிமுடியில் மலை இறங்கி வந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. மழையில் மின்சாரமும் போன் தொடர்பும் ஏற்கெனவே போயிருந்தன. மறுநாள் விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குச் செய்தி வந்தது. போகும் வழியில் பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் சேதமாகியிருந்தது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அப்படி ஓர் இடத்துக்குப் போய்ச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, “லயம் எங்கே இருந்தது?” என்பதுதான். சுற்றிலும் சேறும் பாறையும். அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட மிச்சமிருக்காது. இந்தக் கேள்விக்குப் பதில் தர உதவும் கருவிகளில் மலிவானது, முதுகுப்பையில் அடங்கும் ஒரு சிறிய ட்ரோன். சமவெளியில் வயலையும் கல்யாணத்தையும் படமெடுத்துப் பழகியவர்கள் அதை மலையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 250 கிராமிலிருந்து 2 கிலோ வரையுள்ள, நான்கு விசிறி கொண்ட ட்ரோன்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. பறக்கவிடும் முன் கேளுங்கள்

மீட்புப் பணிக்குத் தலைமை தாங்குபவர் யாரோ, நேராக அவரிடம் போங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை அதிகாரியாக இருக்கலாம், தீயணைப்பு நிலைய அலுவலராக இருக்கலாம், தாசில்தாராகவும் இருக்கலாம். “உங்களுக்கு இப்போது எது தெரிய வேண்டும்?” என்று கேளுங்கள். ஜேசிபி எந்தப் பக்கமாக இறங்க முடியும், அக்கரையில் ஆள் யாராவது நிற்கிறார்களா, மேலே இன்னும் மண் தொங்குகிறதா என்கிற மாதிரி ஏதாவது சொல்வார். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எடுக்கும் ஒவ்வொரு பறப்பும் அந்தத் தாளில் உள்ள ஏதாவது ஒரு கேள்விக்கானதாக இருக்க வேண்டும்.

பெரிய படம் செயற்கைக்கோளிலிருந்து எப்படியும் வரும். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தபோது இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஒன்றிரண்டு நாளிலேயே கணக்குத் தந்தது. சரிவு தொடங்கிய இடம் கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரம், பெயர்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர், சேறு ஓடிய தூரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஆனால் மேகம் மூடினால் சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவும். ஆனாலும் ஒரு தகரக் கூரை எந்தப் பக்கம் மடிந்து கிடக்கிறது என்பதை அதிலிருந்து படிக்க முடியாது. மேகத்துக்குக் கீழே புகுந்து அந்த அளவு நுணுக்கமாகப் பார்ப்பதுதான் நம் வேலை.

2. அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய வான்பகுதியில்) தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். ட்ரோனுக்குப் பதிவெண் வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டை ஒட்டிய இடமென்றால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். பேரிடர் நேரத்தில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர்தான், அவர் அலுவலகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் கையில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் என்ன வேலையில் இருந்தாலும் ட்ரோனை உடனே கீழே இறக்குங்கள். காயம்பட்டவரைத் தூக்க வரும் விமானி, பள்ளத்தாக்கில் ஒரு ட்ரோன் இருக்கிறது என்று தெரிந்தால் திரும்பிப் போய்விடுவார். கட்டுப்பாட்டு அறையின் வாக்கி டாக்கி அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் உங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ட்ரோன் ஓட்டுபவரால் இரண்டையும் பார்க்க முடியாது.

3. எங்கிருந்து கிளப்புவது

எல்லாரும் சரிவின் அடிவாரத்தில் நின்று கிளப்பத்தான் பார்ப்பார்கள், வண்டி அங்கேதானே போய் நிற்கிறது. அது மோசமான இடம். மேலே இன்னும் மண் இருந்தால் அது அங்கேதான் வந்து விழும். அங்கிருந்து பார்த்தால் சரிவின் மேல்பகுதியும் தெரியாது.

முடிந்தால் எதிர்ச்சரிவில், ஏறத்தாழ பாதி உயரத்தில் ஓர் இடம் தேடுங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்து மண் சாலையின் வளைவு, கோயில் முற்றம், பள்ளி மைதானம் என்று ஏதாவது அமையும். அங்கே நின்றால் சரிவு முழுவதும் சுவரில் மாட்டிய படம்போல எதிரே தெரியும். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவே மலை குறுக்கே வராது. சிக்னல் அறுபடுவதற்குத் தூரத்தைவிட இந்த மறைப்புதான் பெரும்பாலும் காரணம். ஒரு முகட்டைத் தாண்டிப் போனால் 300 மீட்டரிலேயே தொடர்பு போய்விடும்.

ஜீப் பானட் மேலிருந்தோ, இரும்புப் பாலத்திலிருந்தோ, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலிருந்தோ கிளப்பாதீர்கள். திசைகாட்டி குழம்பும். தலைக்கு மேலும் போகும் வழியிலும் மின்கம்பி, கேபிள், மீட்புப் படை ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கயிறு ஏதாவது இருக்கிறதா என்று வெறும் கண்ணால் ஒரு முறை பாருங்கள். கயிறு கேமராத் திரையில் தெரியாது.

4. உயரம் என்ற சொல்

மலையில் ட்ரோன் நொறுங்குவதற்கும், எடுத்த படம் பயன்படாமல் போவதற்கும் பாதிக் காரணம் இந்த ஒரு சொல்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உயரத்துக்கு மூன்று கணக்கு இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒன்று, ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து ஒன்று, ட்ரோனுக்கு நேர்கீழே இருக்கும் தரையிலிருந்து ஒன்று. ரிமோட் திரையில் தெரிவது பொதுவாக இரண்டாவது. சட்டம் பார்ப்பது மூன்றாவது. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதும் மூன்றாவதுதான். சமவெளியில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே இருப்பதால் நமக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். “ஒரு அங்குலம்” என்று பெயரளவில் சொல்லப்படும் சென்சார், 20 மெகாபிக்சல் கேமரா உள்ள ட்ரோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் அகலம் 13.2 மி.மீ., லென்ஸின் குவியத்தூரம் 8.8 மி.மீ., படத்தின் அகலம் 5,472 பிக்சல். தரைக்கு 100 மீட்டர் மேலே பறந்தால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. ஒரு படத்தில் 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் அடங்கும். அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடும், பக்கத்து வரிசைகள் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்படியென்றால் 20 மீட்டருக்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 45 மீட்டர் இடைவெளி.

இதே திட்டத்தை 30 டிகிரி சரிவில், கிளம்பிய இடத்திலிருந்து 100 மீட்டர் என்று வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? மலைப்பக்கமாக 100 மீட்டர் போனாலே தரை கிட்டத்தட்ட 60 மீட்டர் ஏறிவிடும். ட்ரோனுக்கும் தரைக்கும் இப்போது 40 மீட்டர்தான். படத்தில் அடங்கும் அகலம் 60 மீட்டராகச் சுருங்கிவிட்டது. வரிசை இடைவெளி மட்டும் அதே 45 மீட்டர். பக்கப் படிவு 70-லிருந்து 25 விழுக்காட்டுக்கு விழுகிறது. இந்தப் படங்களைச் சாஃப்ட்வேரால் ஒட்டவைக்க முடியாது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் ட்ரோன் மோதும்.

நானே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பயிற்சிக்காக இப்படி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ட்ரோன் தப்பியது. ஆனால் வரைபடத்தின் மேல்பகுதி முழுக்க ஓட்டை விழுந்திருந்தது. நிலச்சரிவு இடத்தில் நமக்குத் தேவைப்படுவதே அந்த மேல்பகுதிதான்.

இதற்கு மூன்று வழி உண்டு.

முதலாவது, தரையைப் பின்தொடரும் பறப்பு. திட்டமிடும் ஆப்பில் அந்த இடத்தின் உயர மாதிரியை (தரையின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உயரம் என்று சொல்லும் தரவை) ஏற்றினால் ட்ரோன் தரையோடு சேர்ந்து ஏறி இறங்கும். நாசாவின் எஸ்ஆர்டிஎம், ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியாவுக்கு இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கார்ட்டோசாட் உயர மாதிரி இருக்கிறது. இவையெல்லாம் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் உள்ளவை. செங்குத்துப் பாறை அதில் மழுங்கித் தெரியும், மரத்தின் உயரமும் சரியாக இருக்காது. அதைவிட முக்கியம், எஸ்ஆர்டிஎம் 2000-ஆம் ஆண்டில் எடுத்தது. மலை நேற்றுச் சரிந்திருக்கிறது. ஆகவே 80 மீட்டருக்குக் கீழே இறங்கும் திட்டத்தை இந்தத் தரவை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

இரண்டாவது, வரிசைகளைச் சமஉயரக் கோட்டின் போக்கில் போடுவது. தேயிலைச் செடி வரிசை எப்படி மலையைச் சுற்றிப் போகிறதோ, அப்படி. ஒரு வரிசைக்குள் உயரம் அதிகம் மாறாது, வரிசைக்கு வரிசை மட்டும் ஏற்றிக்கொண்டால் போதும். தரையைப் பின்தொடரும் வசதி இல்லாத பழைய ட்ரோனிலும் கையாலேயே இதைச் செய்துவிடலாம். எனக்கு இதுதான் பிடித்த முறை. எதிர்ச்சரிவில் நிற்பவருக்கு ட்ரோன் எப்போதும் கண்ணெதிரே இருக்கும்.

மூன்றாவது, சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி உயரம் வைப்பது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படியட்டும்.

இனி “வீடு திரும்பும் உயரம்”. சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாக எழும்பித் திரும்பும் உயரம் இது. இதுவும் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு. புது ட்ரோனில் ஏற்கெனவே வைத்திருக்கும் அளவு மலைக்குப் போதாமல் இருக்கலாம். நடுவில் உள்ள மிக உயர்ந்த மேடு, அதன்மேல் உள்ள மரம், அதற்கு மேல் 30 மீட்டர் என்று கூட்டி மாற்றுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும் இடத்தை மாற்றும்போதும் இதைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

5. காற்று, மூட்டம், பேட்டரி

வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். சாயங்காலத்துக்குப் பிறகு மேலிருந்து கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே காலையில் கிடைக்கும் அமைதிதான் பறக்க ஏற்ற நேரம். முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கத்தில் சுழன்று கீழே அமுக்கும். அந்தப் பக்கம் முகட்டை ஒட்டிப் பறக்கவே வேண்டாம்.

மூட்டம் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும்போதே திரும்பிவிடுங்கள். அது வந்து மூட ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிறிய ட்ரோன்களில் பெரும்பாலானவை மழையில் பறக்கத் தக்கவை அல்ல. தூறல் விட்டதும் லென்ஸைத் துடைத்துவிட்டுக் கிளப்புங்கள்.

2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மோட்டார் அதிகம் உழைக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் 18 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். குளிரில் கிடந்த பேட்டரியை அப்படியே மாட்டாமல், சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி, கிளம்பியதும் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்திவைத்துப் பிறகு ஏற்றுங்கள். திரும்பி வருவது ஏற்றமாக இருந்தால் பேட்டரி 40 விழுக்காட்டுக்கு வந்ததும் திரும்புங்கள், இறக்கமாக இருந்தால் 30 விழுக்காடு போதும். இறக்கும்போது செங்குத்தாக வேகமாக இறக்கக் கூடாது. தன் விசிறி தள்ளும் காற்றிலேயே ட்ரோன் மாட்டிக்கொண்டு தடுமாறும். சாய்வாக இறக்குங்கள்.

6. முதல் பறப்பு: பத்து நிமிடம்

வரைபடம் அப்புறம். முதல் பேட்டரியைப் பார்ப்பதற்கு மட்டும் செலவிடுங்கள்.

ஓடையின் மேல்பக்கம்தான் முதலில். சேறும் மரமும் ஓடையை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்துபோன பிறகு ரிஷிகங்கா ஆற்றில் இப்படித்தான் அடைப்புக்குப் பின்னால் ஓர் ஏரி உருவாகியிருந்தது. அடைப்பு உடைந்தால் கீழே தோண்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நேரமே இருக்காது. கீழே ஓடும் ஓடை மழைக்கு நடுவே திடீரென்று வற்றினால் யாரையும் கேட்காமல் எல்லாரையும் மேலேறச் சொல்லுங்கள்.

அடுத்து சரிவின் தலை. மண் பிய்ந்த விளிம்புக்கு மேலே இன்னும் 50 முதல் 100 மீட்டர் வரை போய்ப் பாருங்கள். விளிம்புக்கு இணையாக வில்போல விரிசல் ஓடினால் அடுத்த துண்டு இறங்கத் தயாராகிறது என்று பொருள். திறந்த தரையில் 40 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு பிக்சல் 1.1 செ.மீ., கையகல விரிசல் நன்றாகத் தெரியும். தேயிலைச் செடிக்கு அடியில் ஓடும் விரிசல் தெரியாது. அங்கே சாய்ந்து நிற்கும் மரங்களும், வரிசை உடைந்த செடிகளும்தான் தடயம்.

பிறகு சாலை, பாலம், அக்கரை, நிற்கும் கூரைகள். கீழே இறங்கியதும் அந்த வீடியோவை அதிகாரியின் போனிலேயே போட்டுக் காட்டுங்கள்.

7. அளக்கும் பறப்பு

மேலே சொன்ன கணக்கில் 400-க்கு 500 மீட்டர், அதாவது 20 ஹெக்டேர் பரப்புக்கு 13 வரிசை, சுமார் 260 படம். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 17 நிமிடத்துக்குள் முடியும். ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவாக இருக்கட்டும். அந்த நேரத்தில் ட்ரோன் 1.2 செ.மீ. நகரும், அது அரைப் பிக்சலுக்கும் குறைவு, படம் கலங்காது. வயநாட்டில் பெயர்ந்த அந்த 8.6 ஹெக்டேரையும் இந்தக் கணக்கில் ஒரே பேட்டரியில் எடுத்துவிடலாம். 8 கிலோமீட்டர் ஓடையை இப்படி எடுக்க முடியாது. அரைக் கிலோமீட்டர் வீதம், கிளம்பும் இடத்தை மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

கேமராவை நேர்கீழே பார்க்கவைத்து ஒரு முறை எடுத்தபின், சரிவை நோக்கி 45 டிகிரி சாய்த்து இன்னொரு முறை எடுங்கள். நேர்கீழே பார்க்கும் கேமராவுக்குச் செங்குத்துப் பாறை வெறும் கோடாகத்தான் தெரியும்.

8. தரைக் குறிகள்

ட்ரோனில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளியே காட்டும். உயரக் கணக்கு பத்து, இருபது மீட்டர்கூடத் தவறலாம். முதல் நாள் தேடுதலுக்கு இது தடையில்லை. மண்ணின் கன அளவைச் சொல்லவும், நாளைக்கு மலை நகர்ந்ததா என்று ஒப்பிடவும் குறிகள் வேண்டும். 60 செ.மீ. சதுரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஃப்ளெக்ஸ் துண்டுகள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சரிந்த மண்ணில் கால் வைக்காதீர்கள். அதன் இரண்டு பக்கமும் கெட்டியான தரையில், மேலும் கீழும் நடுவிலுமாக வையுங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் உயரக் கணக்கு வளைந்துவிடும். ஒவ்வொன்றின் இடத்தையும் ஆர்டிகே கருவியால் (சில செ.மீ. துல்லியமுள்ள ஜிபிஎஸ்) அளந்து, இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. லேப்டாப்பில்

இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். படங்களை ஒட்டி வரைபடமாக்கும் வெப்ஓடிஎம் என்ற சாஃப்ட்வேர் இலவசம், இணையம் இல்லாமலே ஓடும். முதலில் படத்தின் அளவைக் குறைத்து, விரைவு ஆர்த்தோபோட்டோ (நேர்மேலிருந்து பார்த்தபடி ஒட்டிய படம்) அமைப்பில் ஓட்டுங்கள். மங்கலாக இருந்தாலும் சாயங்காலக் கூட்டத்துக்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும். முழுத் தரத்தில் இரவில் ஓடட்டும்.

வந்த வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபடச் சாஃப்ட்வேரில் திறந்து, பழைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து, அழியாமல் நிற்கும் அடையாளங்களை வைத்துப் பொருத்துங்கள். சாலை முனை, கோயில் மேடை, பாலத்தின் தூண் எதுவும் உதவும். பிறகு பழைய படத்தில் தெரியும் ஒவ்வொரு கூரையின் ஓரத்தையும் வரைந்து புதுப் படத்தின்மேல் போடுங்கள். சேறு வீட்டை இருந்த இடத்திலேயே மூடியும் இருக்கலாம், இழுத்துக்கொண்டும் போயிருக்கலாம். கூரை, கட்டில், கேஸ் சிலிண்டர், சிமென்ட் தொட்டி என்று தெரிவதையெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே போனால் எந்தத் திசையில் இழுத்துப் போயிருக்கிறது என்பது புலப்படும். அக்கம்பக்கத்து லயத்தில் இருக்கும் ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். “இது எங்க லயத்து மாட்டுக் கொட்டகைக் கல்லுங்க” என்று அவர் சொல்லும் ஒரு வரிக்கு இணையான தகவல் எந்தச் சாஃப்ட்வேரிலும் வராது.

மண்ணின் கன அளவைச் சொல்லும்போது கவனம் வேண்டும். 86,000 சதுர மீட்டர் பரப்பில் உயரம் ஒரு மீட்டர் தவறினால் கணக்கு 86,000 கன மீட்டர் தவறும். பழைய தரவு 30 மீட்டர் மாதிரி மட்டும்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தோராயமாக மட்டும் சொல்லுங்கள்.

10. வெப்பக் கேமரா

வெப்பக் கேமரா சேற்றுக்குள் பார்க்காது. அந்த எதிர்பார்ப்பை, காத்திருக்கும் குடும்பங்களிடம் யாரும் ஏற்படுத்திவிடக் கூடாது. காட்டு ஓரத்தில், பாறை மேல், அக்கரையில் ஒதுங்கியிருக்கும் உயிருள்ளவர்களைத் தேட மட்டும் அது உதவும். பாறையெல்லாம் குளிர்ந்திருக்கும் விடியலுக்கு முந்திய நேரம்தான் அதற்கு ஏற்றது. ராத்திரியில் பறக்கத் தனி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் கல்லும் ஆளும் ஒரே நிறம்தான். ஆடு மாடும் ஆளைப் போலவே தெரியும்.

11. ஒப்படைப்பது

அதிகாரிக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். வடக்கு எது, அளவுகோல், எடுத்த தேதி, நேரம், பெரிய எழுத்தில் இடப்பெயர்கள். ஜேசிபி ஓட்டுபவர் கையில் வைத்துப் பார்க்கும்படி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். கோப்புகளை இரண்டு மெமரி கார்டில் எடுத்து, ஒன்றை மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்தில் உடல்கள் தெரியலாம். அவை யார் போனுக்கும் போகக் கூடாது, வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது. தன் தம்பியைத் தேடி நிற்கும் ஒருவர் அதை முதலில் போனில் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

12. மழைக்கு முந்திய பறப்பு

நான் மிக முக்கியமாக நினைக்கும் படி இதுதான். நடக்க வேண்டிய வரிசையில் பார்த்தால் இதுதான் முதலாவதும்கூட.

மேலே சொன்ன ஒப்பீடு எல்லாவற்றுக்கும் “முன்னால்” எடுத்த ஒரு படம் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் லயம் ஒரு நீளக் கூரையாகத் தெரியும், அவ்வளவுதான். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியாபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் புதைந்ததும் மலையகத் தமிழர்களின் லயங்கள்தான். நீலகிரி, வால்பாறை, மூணாறு, வயநாடு, இலங்கை மலையகம் எல்லா இடத்திலும் சரிவின் அடியில், ஓடையின் கரையில் இப்படி லயங்கள் இருக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையென்றால் ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும், காலையில் காற்றும் இருக்காது. தோட்ட நிர்வாகம், ஊராட்சி, வனத்துறை மூவரிடமும் அனுமதி வாங்கி, சரிவின் கீழே உள்ள ஒவ்வொரு லயத்தையும் அதன் மேலிருக்கும் மலையோடு சேர்த்து எடுங்கள். ஒரு லயத்துக்கு ஒரு பேட்டரி போதும். ட்ரோன் இறங்கியபின் அங்கே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து, எத்தனையாவது வீட்டில் எத்தனை பேர், கழிவறை எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, ராத்திரியில் ஓடினால் எந்தப் பாதை என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒரு பிரதி லயத்திலேயே, ஒன்று தோட்ட அலுவலகத்தில், ஒன்று தாலுகா அலுவலகத்தில். மே மாதக் கடைசிக்குள் இதை முடித்துவிடுங்கள். ஜூனில் மழை பிடித்துவிடும்.